ஆறன்முளையில் ஒரு தட்டொளி

கேரளத்தில், செங்கன்னூர் ஸ்டேஷன் வாசலில் ஆட்டோக்காரர் கேட்டது 450 ரூபாய். ஆறன்முளை அங்கிருந்து சுமார் 10 கிலோமீட்டர்தான்! பேரம் பேசி 300-க்கு வந்தார். அதுவே அநியாயம். நீங்கள் போனால் கோழஞ்சேரி பஸ்ஸில் ஏறுங்கள். திரும்பும்போது நான் அதில்தான் வந்தேன், முப்பது ரூபாய்கூட ஆகவில்லை.

எப்படிப் போவது, எங்கே தங்குவது என்று வரிசையாக எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் மனசு முழுக்க ஆறன்முளையில் பார்த்த அந்தக் கண்ணாடிதான் இருக்கிறது.

நான் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரி. பெருமாளுக்குக் கட்டிய மாலையைச் சூடிக்கொண்டு ஆண்டாள் அழகு பார்த்ததாகச் சொல்லும் கண்ணாடிக் கிணற்றை எட்டிப் பார்த்து வளர்ந்தவள். திருப்பாவை இருபதாம் பாட்டில் 'உக்கமும் தட்டொளியும்' என்று வரும். உக்கம் விசிறி, தட்டொளி கண்ணாடி. ரசம் பூசிய கண்ணாடி வராத காலம், அதனால் அது உலோகமாகத்தான் இருந்திருக்கும். அதில் முகம் எப்படித் தெரிந்திருக்கும்? மங்கலாகத்தான் இருக்கும் என்றே இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன்.

ஆறன்முளைக் கண்ணாடியும் உலோகம்தான். செம்பும் வெள்ளீயமும் சேர்ந்த கலவை. எவ்வளவுக்கு எவ்வளவு என்பது சில குடும்பங்களுக்குள்ளேயே இருக்கும் ரகசியம். ஆறன்முளைப் பார்த்தசாரதி கோயில் வேலைக்காகச் சங்கரன்கோவில் பக்கமிருந்து வந்தவர்கள் இவர்களுடைய முன்னோர் என்கிறார்கள். எங்கள் ஊருக்குப் பக்கம்! கேட்டதும் சொந்தக்காரர் வீட்டுக்கு வந்த மாதிரி ஆகிவிட்டது.

பட்டறையில் ஒரு பெரியவர் மரப்பலகையில் ஒட்டிய தகட்டை எண்ணெய் தொட்ட துணியில் தேய்த்துக்கொண்டிருந்தார். களிமண் அச்சில் வார்த்து எடுக்கும்போது அது வெறும் சாம்பல் நிறத் தகடு. நாள்கணக்கில் தேய்த்துத் தேய்த்துத்தான் முகம் வருகிறது. "விரல் வைக்கண்டா மோளே" (விரல் வைக்காதே மகளே) என்று சொல்லிவிட்டு ஒரு காகிதத் துண்டைக் கொடுத்தார்.

வீட்டுக் கண்ணாடியில் பேனா முனையை வைத்துப் பாருங்கள். முனைக்கும் அதன் பிம்பத்துக்கும் நடுவே ஒரு சின்ன இடைவெளி இருக்கும். பூச்சு பின்பக்கம் இருப்பதால் அப்படி. இதில் உலோகத்தின் மேல்பரப்பே பிம்பம் காட்டுகிறது. காகித நுனியை வைத்தேன். நுனியும் நுனியும் தொட்டுக்கொண்டு நின்றன, நடுவில் மயிரிழைகூட இல்லை. எனக்கு மேல் சிலிர்த்துவிட்டது. அப்புறம் முகத்தைப் பார்த்தேன். கிணற்றுத் தண்ணீர்போல அத்தனை தெளிவு.

விலைதான் வயிற்றைக் கலக்கியது. உள்ளங்கையில் பாதி இருந்த ஒன்றுக்கே 3,500 ரூபாய். ஆலப்புழை படகுக்கு எடுத்துவைத்த பணம் அது. யோசிக்காமல் கொடுத்தேன். படகு எப்போது வேண்டுமானாலும் போகலாம்.

கீழே விழுந்தால் இதுவும் நொறுங்கிவிடுமாம். ரிசர்வேஷன் இல்லாத பெட்டியில், வெல்வெட் துணியில் சுற்றி, ஊர் வரும்வரை மடியை விட்டு இறக்கவில்லை. இப்போது பூஜை அறையில் இருக்கிறது. மார்கழி 20 அன்று எடுத்துவைத்து அந்தப் பாட்டைப் பாட வேண்டும்.