மோட்டார் போட்டு ஓடும் ஆறு

மகன் சியோலில் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷம் கழித்து இப்போதுதான் அங்கே போக வாய்த்தது. "வாங்கம்மா, ஒரு ஓடை காட்டுறேன்" என்று கிளப்பினான். பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் பறந்து வந்தது ஓடை பார்க்கவா என்று முனகிக்கொண்டே நடந்தேன்.

மேலே பஸ்ஸும் ஹார்னும். படி இறங்கியதும் தண்ணீர்ச் சத்தம்தான். சொங்கேச்சொன் என்று பெயர். சாக்கடையாகிப்போனதைக் கான்கிரீட் போட்டு மூடி, அதற்கும் மேலே மேம்பாலம் கட்டியிருந்தார்களாம். 2003-இல் அத்தனையையும் இடிக்கத் தொடங்கி 2005 அக்டோபரில் ஓடையைத் திறந்துவிட்டார்கள். கிட்டத்தட்ட 6 கிலோமீட்டர். என் முழங்கால் ஒன்றரையோடு நின்றுவிட்டது.

குவாங்தொங்கியோ பாலத்தடியில் சுவர்க்கற்களில் மேகச் சுருள்கள், உருவங்கள். சில கற்கள் தலைகீழாக இருந்தன. தேஜோங் என்ற அரசன் 1410-இல் தன் சிற்றன்னையின் கல்லறைக் கற்களைப் பெயர்த்து வந்து இந்தப் பாலத்துக்குப் போட்டானாம். செத்த பிறகும் ஊர்சனம் அவள்மேல் நடக்கட்டும் என்று! எங்கள் குடும்பச் சண்டையெல்லாம் இதற்கு முன் தூசு.

"இது தானா வர்ற தண்ணி இல்லம்மா. ஹான் ஆத்துலேருந்து பம்ப் பண்ணி விடுறாங்க" என்றான். எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. மோட்டாரை நிறுத்தினால் ஆறும் நின்றுவிடுமா? ஆனால் பக்கத்தில் கோட்டு போட்ட ஒருவர் ஷூவைக் கழற்றி, சாக்ஸை மடித்து அதற்குள் திணித்து, காலைத் தண்ணீரில் விட்டுக்கொண்டு சாப்பிட்டார். சரி என்று நானும் விட்டேன். சில்லென்று கணுக்கால்வரை ஏறியது.

மொரீஷியஸில், எங்கள் போர்ட் லூயிஸில் பூஸ் மலையிலிருந்து வரும் ஓடைக்கு மோட்டார் வேண்டாம். ஆனால் ஊருக்குள் அது சுவர்களுக்கு நடுவே ஒடுங்கிக் கிடக்கிறது. மழைக்காலம் தவிர யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. 2013 மார்ச் 30, சனிக்கிழமை. அன்று கொட்டிய மழையில் 11 பேர் போய்விட்டார்கள். துறைமுகத்தை ஒட்டிய கோடான் பக்கத்துச் சுரங்க நடைபாதையில் மாட்டியவர்களும் அதில் உண்டு. அன்று நான் துணி எடுக்க டவுனுக்குப் போக இருந்தேன். தலைவலி என்று படுத்துவிட்டேன். அந்தத் தலைவலியை இன்னும் மறக்கவில்லை.

"என்னம்மா யோசனை?"

"ஒண்ணுமில்லடா, பசிக்குது."

குவாங்ஜாங் சந்தையில் பாசிப்பயற்றை அரைத்து எண்ணெயில் முறுகச் சுட்ட அடை வாங்கிக் கொடுத்தான். "நம்ம காத்தோ பிமான் மாதிரி இருக்கா?" என்று எங்கள் ஊர் மிளகாய் வடையைச் சொல்லிக் கேட்டான். மிளகாய் போதவில்லை என்றேன். இரண்டாவதும் வாங்கினோம்.