பிஸ்கட்டின் கடைவாய்ப் பல்

போன நவம்பரில் ஒரு காலை, பிஸ்கட் என்ற குதிரையின் அறையைக் கூட்டிக்கொண்டிருந்தபோது மரச்சீவலுக்கு நடுவே எச்சில் ஊறிய புல் உருண்டைகள் நாலைந்து கிடந்தன. ஒவ்வொன்றும் எலுமிச்சம்பழ அளவு. பாதி மென்று துப்பியவை. நான் மாட்டுக் கட்டுத்தரையில் வளர்ந்தவள் ஆயிற்றே, அசை போடும்போது தவறி விழுந்திருக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன். அப்புறம்தான் உறைத்தது. குதிரை அசை போடாது. அதற்கு வாந்திகூட வராது. உள்ளே போனது போனதுதான். அப்படியென்றால் கோளாறு வாயில்.

பிஸ்கட் பத்தொன்பது வயதுக் குதிரை, குவார்ட்டர் ஹார்ஸ் இனம், காயடித்த ஆண். இங்கே குதிரையை யாரும் 'அது' என்று சொல்வதில்லை, அவன் அல்லது அவள்தான். நானும் பழகிவிட்டேன். அவனுக்கும் இன்னும் பதினொரு குதிரைகளுக்கும் லத்தி அள்ளுவது என் வேலை. சாணி என்று சொன்னால் ஊரில் இருக்கும் அப்புச்சி, அம்மாவின் அப்பா, போனிலேயே திருத்துவார்: "மாடு போடறது சாணி. குதிரை போடறது லத்தி, கண்ணு."

கனடாவுக்கு வந்து அப்போது ஒன்றரை வருடம். கணவருக்குக் கிச்சனர் நகரத்தில் ஒரு கிடங்கில் இரவு வேலை. நான் கடை கடையாக விண்ணப்பம் போட்டேன். எல்லோரும் 'கனடா அனுபவம்' கேட்டார்கள். எல்மைரா என்ற ஊருக்கு வெளியே இருக்கும் இந்தக் குதிரை லாயத்து முதலாளியம்மா மட்டும் வேறு இரண்டு கேள்விகள் கேட்டார். பெரிய பிராணிகளைக் கண்டால் பயமா? காலை ஆறரைக்கு வர முடியுமா? முதல் கேள்விக்கு நான் சிரித்துவிட்டேன். இரண்டாவதற்குத்தான் யோசித்தேன்.

எல்மைரா, செயின்ட் ஜேக்கப்ஸ் பக்கம் வந்தவர்களுக்குத் தெரியும், சாலை ஓரத்தில் கறுப்புக் குதிரை வண்டிகள் டக்டக்கென்று போகும். பழைய மரபை விடாத மென்னோனைட் என்ற கிறிஸ்தவப் பிரிவு மக்கள். வண்டியின் பின்னால் ஆரஞ்சு முக்கோணம் மாட்டியிருப்பார்கள், மெதுவாகப் போகும் வண்டி என்பதற்கு அடையாளம். எங்கள் லாயத்துக்குப் புல் கட்டு வருவதும் அப்படி ஒரு குடும்பத்திடமிருந்துதான். அவர்கள் தங்களுக்குள் ஒரு வகை ஜெர்மன் பேசிக்கொள்வார்கள். புல்லை முகர்ந்து பார்த்து முதல் அறுப்பா இரண்டாம் அறுப்பா என்று அவர்கள் பேசுவதைக் கேட்டால் எங்கள் ஊர்ச் சோளத்தட்டுப் பேரம்தான் நினைவுக்கு வரும்.

வேலை எளிது என்று சொல்ல மாட்டேன். ஒரு கட்டு இருபது கிலோவுக்கு மேல் இருக்கும். கயிற்றை அறுத்தால் ரொட்டித் துண்டுபோல ஏடு ஏடாகப் பிரியும். ஐந்நூறு கிலோ குதிரைக்கு ஒரு நாளைக்கு எட்டிலிருந்து பத்து கிலோ புல். அதை ஒரே தடவையாகப் போடக் கூடாது, பிரித்துப் பிரித்துப் போட வேண்டும். அப்புறம் கவைக் கோலால் ஈரமான சீவலையும் லத்தியையும் தனியே பிரித்தெடுக்க வேண்டும். நல்ல சீவலைச் சேர்த்து அள்ளிவிட்டால் முதலாளியம்மா முகம் மாறும், காசு அல்லவா? தள்ளுவண்டி நிறைந்ததும் குப்பைமேட்டுக்கு. பிறகு குளம்பு சுத்தம் செய்வது. பனிக்காலத்தில் குளம்புக்குள் பனி உருண்டு கல்லாகிவிடும், குதிரை கட்டைக் காலில் நடப்பதுபோல் தடுமாறும்.

தண்ணீர்தான் பெரிய பாடு. குளிரில் குதிரை தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்ளும். காய்ந்த புல் குடலில் அடைத்துக்கொண்டால் வயிற்றுவலி, அதில் செத்துப்போன குதிரைகளும் உண்டு. அதனால் மின்சாரத்தில் சூடாகும் வாளிகள் வைத்திருக்கிறார்கள். முதல் குளிர்காலத்தில், வெளிக் குழாயில் ரப்பர் ஹோஸைக் கழற்றாமல் விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன். ஹோஸ் மாட்டியிருந்தால் குழாய்க்குள் நிற்கும் தண்ணீர் வடியாது. மறுநாள் மைனஸ் பதினெட்டு. குழாய் இறுகிப்போய் நின்றது. பன்னிரண்டு குதிரைகளுக்கும் வீட்டுச் சமையலறையிலிருந்து வாளி வாளியாகச் சுமந்தேன். முதலாளியம்மா திட்டவில்லை, ஒரு பக்கத்து வாளியை அவரும் தூக்கினார். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

சரி, பல்லுக்கு வருகிறேன்.

உருண்டைகளைக் காட்டியதும் முதலாளியம்மா அன்றே மருத்துவரைக் கூப்பிட்டார். வருடாந்திரப் பல் சோதனை எப்படியும் வரவேண்டியதுதான், அதை முன்னால் இழுத்தார்கள். அடுத்த வாரம் ஒரு பெண் மருத்துவர் வந்தார், முப்பது வயதுகூட இருக்காது. பக்கத்துக் குவெல்ஃப் நகரத்தில் உள்ள ஒன்டாரியோ கால்நடைக் கல்லூரியில் படித்தவர். 1862-இல் டொராண்டோவில் தொடங்கி 1922-இல் குவெல்ஃபுக்கு மாறிய கல்லூரி அது.

கழுத்து நரம்பில் ஊசி போட்டார். ஐந்து நிமிடத்தில் பிஸ்கட்டின் தலை தொங்கிவிட்டது, கீழுதடு பையைப்போல ஆடியது. ஆனால் நின்றுகொண்டேதான் இருந்தான். இரும்பில் ஒரு வாய்ப்பூட்டை மாட்டி, முன்பற்கள் இரண்டு தகட்டில் பதியும்படி வைத்து, பக்கத்தில் உள்ள பல்சக்கரத்தைத் திருகித் திருகி வாயைத் திறந்தார். குதிரை கொள்ளென்றால் வாயைத் திறக்கும், கடிவாளமென்றால் மூடும் என்பார்கள். இதற்கு அவனைக் கேட்கவே இல்லை. தலையைத் தாங்கிப் பிடிப்பது என் வேலை. அந்தத் தலை என்ன கனம்!

பெரிய பீச்சாங்குழலால் வாயைக் கழுவி, நெற்றி விளக்கைப் போட்டுக்கொண்டு முழங்கை வரை கையை உள்ளே விட்டார். பின்பு என்னையும் ஒரு விரல் விட்டுப் பார்க்கச் சொன்னார். மேல் கடைவாய்ப் பல்லின் வெளி ஓரம், தேங்காய்த் துருவியில் விரல் பட்டதுபோல் இருந்தது. குதிரைக்கு மேல்தாடை அகலம், கீழ்த்தாடை குறுகல். மெல்லும்போது இரண்டும் முழுக்கப் பொருந்துவதில்லை. பல்லோ வருடத்துக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர் ஈறிலிருந்து வெளியே வந்துகொண்டே இருக்கும். நாள் முழுக்க மேய்ந்தாலும் உரசல் படாத ஓரம் மட்டும் தேயாமல் கூராக நின்றுவிடும். மேல் வரிசையில் கன்னத்தின் பக்கம், கீழ் வரிசையில் நாக்கின் பக்கம். பிஸ்கட்டின் கன்னத்துக்குள் புண் இருந்தது. மெல்லும்போது வலித்ததால்தான் உருட்டித் துப்பியிருக்கிறான்.

மின் அரம் ஓடத் தொடங்கியதும் பல்தூள் பறந்தது. நம் பல் மருத்துவரிடம் வருமே, அந்தத் தீய்ந்த வாசனை. ஓரங்களை மட்டும்தான் அராவினார். நடுப்பரப்பைத் தொடவில்லை. ஏன் என்று கேட்டேன். மேற்பரப்பில் மேடும் பள்ளமும் இருந்தால்தான் புல் அரைபடும் என்றார். ஊரில் அம்மி தேய்ந்து வழவழப்பானால் அரையாது, அதனால் உளி வைத்துக் கொத்துவோம் என்று என் ஆங்கிலத்தில் சொன்னேன். அம்மி என்றால் என்னவென்று காட்டுவதற்குக் கையால் காற்றில் அரைத்துக் காட்ட வேண்டியிருந்தது. புரிந்ததும் அரத்தை நிறுத்திவிட்டுச் சிரித்தார்.

முடித்த பிறகு மேல் முன்வரிசையின் கடைசிப் பல்லைக் காட்டினார். பழுப்பாக ஒரு கோடு மேலிருந்து கீழே ஏறக்குறைய நுனி வரை ஓடியது. சுமார் பத்து வயதில் ஈறோரம் தெரியத் தொடங்கி, பதினைந்தில் பாதி, இருபதில் முழுப் பல்லுக்கும் வந்துவிடுமாம். துல்லியம் கிடையாது, ஆனால் ஏட்டில் உள்ள வயதோடு ஒத்துப்போகிறது என்றார். முன்காலத்தில் குதிரை வியாபாரிகள் கிழட்டுக் குதிரையின் பல்லைக் குடைந்து இளசாகக் காட்டி விற்பார்களாம். நான் உடனே அப்புச்சியை நினைத்தேன். அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாச் சந்தையில் மாட்டுத் தரகு பார்த்தவர். துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசும் முன்னால் வாயைப் பிளந்து ரெண்டு பல்லா, நாலு பல்லா, கடை சேர்ந்துவிட்டதா என்று பார்ப்பார். பல் ஏறஏற விலை பேசும் விதம் மாறும். பிஸ்கட் அப்படி வாங்கியவன் அல்ல, ஒரு பக்கத்து வீட்டுக்காரர் இலவசமாகக் கொடுத்தது. தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்று எங்கள் பக்கம் ஒரு பேச்சு உண்டு என்றேன். முதலாளியம்மா, எங்களுக்கும் அதே பேச்சு உண்டு, குதிரையை வைத்து என்றார். மருத்துவரின் கட்டணத்தைப் பார்த்துவிட்டு, "அந்தப் பேச்சு ஏன் வந்தது என்று இப்போது தெரிகிறது" என்றார்.

மயக்கம் தெளியும்வரை ஒரு துளிப் புல்கூடக் கொடுக்கக் கூடாது, தொண்டையில் அடைத்துக்கொள்ளும். இரண்டு மணி நேரம் வெறும் அறையில் நின்றான். நான் அடுத்த அறையில் லத்தி அள்ளிக்கொண்டே எட்டி எட்டிப் பார்த்தேன்.

மதியம் முதலாளியம்மா ஆளுக்கொரு ஆப்பிள் நறுக்கினார். நான் தின்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தவர், "நீயும் ஒரு பக்கமாகத்தான் மெல்கிறாய்" என்றார். எட்டு மாதமாக இடது கடைவாயில் வலி. ஒன்டாரியோவின் பொது மருத்துவக் காப்பீட்டில் பெரியவர்களின் சாதாரணப் பல் வைத்தியம் வராது, கணவரின் வேலையிலும் பல் காப்பீடு கிடையாது. மத்திய அரசின் பல் பராமரிப்புத் திட்டம் 2025 மே மாதம் முதல் 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கும் திறந்திருக்கிறது என்று அவர்தான் சொன்னார். வேறு பல் காப்பீடு இருக்கக் கூடாது, குடும்ப வருமானம் 90,000 டாலருக்குக் கீழே இருக்க வேண்டும், இருவரும் வருமான வரிக் கணக்கு கொடுத்திருக்க வேண்டும். கொடுத்திருந்தோம். அன்றிரவே விண்ணப்பித்தோம்.

இரவு எட்டு மணிக்கு, ஊரில் காலை ஆறரை, அப்புச்சிக்குப் போன் போட்டேன்.

"எத்தனை பல்லு கண்ணு?"

"நாப்பதுங்க அப்புச்சி."

"மாட்டுக்கு முன்னாடி மேல்பல்லே கிடையாது. உன் குதிரைக்கு?"

"மேலயும் ஆறு, கீழயும் ஆறுங்க."

"அட, கடிச்சிரப் போகுது, பாத்துப் புடி."

மறுநாள் காலை பிஸ்கட்டின் அறையில் இரண்டு சின்ன உருண்டைகள் கிடந்தன. புண் ஆற வேண்டுமே. நாலாம் நாள் ஒன்றும் இல்லை, புல் வலையும் காலி.