இருட்டுக்குப் பழகின கண்ணைக் கெடுக்காத டார்ச் எது: ஜவ்வாது மலையில நாலு அமாவாசை

மார்கழி அமாவாசைக்கு நாங்க அஞ்சு பேர் ஜவ்வாது மலைக்கு கிளம்பினோம், ஆலங்காயத்துல இருந்து காவலூர் ஏறுற ரோடு, அங்கிருந்து பிரியற ஒரு மண்பாதை, தெரிஞ்ச அண்ணன் ஒருத்தரோட சாமை அறுத்த காட்டுல டென்ட் போட்டோம். ரிசர்வ் ஃபாரஸ்ட்டுக்குள்ள தங்கணும்னா வனத்துறை அனுமதி வேணும், அதனால நாங்க எப்பவும் பட்டா நிலத்துலதான், அதுவும் நிலத்துக்காரர்கிட்ட முன்னாடியே சொல்லிட்டு. அந்தப் பக்கத்து வானம் எப்படிப்பட்டதுன்னு சொல்ல ஒரு விஷயம் போதும், வானியல் விஞ்ஞானி வைணு பாப்பு தேடி அலைஞ்சு தொலைநோக்கி வைக்க எடுத்த இடம் அது, 1968ல அங்க 38 செ.மீ. தொலைநோக்கியோட வேலை ஆரம்பிச்சது, 1986ல வந்த 2.34 மீட்டர் தொலைநோக்கிக்கு இப்ப அவர் பேர்தான். அப்படிப்பட்ட இருட்டுக்கு நடுவுல உக்காந்துட்டு நாங்க அன்னைக்கு ராத்திரி முழுக்க ஒரு தடவை கூட சேர்ந்தாப்புல இருபது நிமிஷம் வெளிச்சம் இல்லாம இருக்கல. ஒருத்தன் தண்ணி பாட்டில் தேடறான் நெத்தியில கட்டற ஹெட்லேம்ப், ஒருத்தன் மணி பாக்கறான் ஃபோன், ஒருத்தன் கார் கதவைத் திறக்கறான் உள்ள லைட். ஹெட்லேம்ப் போட்டவன் பேசும்போது நம்ம முகத்தைப் பாத்துதானே பேசுவான், அந்த 400 லுமென் (டார்ச் விடற மொத்த வெளிச்சத்தோட அளவு) அப்படியே கண்ணுக்குள்ள. அதுக்கப்புறம் வானம் வேலூர் மொட்டை மாடி வானம் மாதிரி ஆயிடும். அந்த வருத்தத்துலதான் இந்த வேலையைத் தொடங்கினேன்.

முதல்ல கண்ணு என்ன பண்ணுதுன்னு புரிஞ்சுக்கணும், இது தெரியாம டார்ச் வாங்கினா காசு போயிடும். விழித்திரையில கூம்பு செல், குச்சி செல்னு ரெண்டு வகை. கலரும் நுணுக்கமும் கூம்பு பாக்கும், மங்கின வெளிச்சத்தை குச்சி பாக்கும். குச்சி செல்லுக்குள்ள ரோடாப்சின்னு ஒரு பொருள் இருக்கு, வைட்டமின் ஏ-ல இருந்து வர்றது, வெளிச்சம் பட்டா அது சிதைஞ்சிடும், திரும்ப உருவாகறதுக்கு நேரம் எடுக்கும். கண்மணி விரியறதெல்லாம் கொஞ்ச நேரத்துல முடிஞ்சிடும், கூம்பு பத்து நிமிஷத்துக்குள்ள தன்னால முடிஞ்ச அளவுக்கு பழகிடும், ஆனா குச்சி முழுசா தயாராக அரை மணி நேரம், சில பேருக்கு அதுக்கும் மேல. ஒரு செகண்ட் பளீர்னு அடிச்சா அந்த அரை மணி நேரத்துல பெரும்பகுதி போச்சு. கண்ணுக்குள்ள அவ்வளவு நேரம் எடுத்து நடக்கற வேலையை ஒரு பட்டன் அழிச்சிடுதுங்கறதுதான் எனக்கு மனசுல நின்னது.

ரோடாப்சின் பச்சையும் நீலமும் கலந்த 500 நானோமீட்டர் அலைநீளத்துப் பக்கம் வர்ற வெளிச்சத்தைத்தான் அதிகமா பிடிக்கும், 620 தாண்டி சிவப்புக்கு போயிட்டா ரொம்பவே கம்மி. சாயங்காலம் இருட்டற நேரத்துல செம்பருத்திப் பூ கறுத்துத் தெரியும், பக்கத்துல இலை மட்டும் வெளுப்பா நிக்கும், பாத்திருப்பீங்க, அதுக்கும் காரணம் இதுதான். சிவப்பு லைட் போட்டா நட்சத்திரம் பாக்கற கண்ணு கெடாதுன்னு எல்லாரும் சொல்றது இதை வச்சுத்தான்.

தை அமாவாசைக்கு சிவப்பு எல்இடி உள்ள ஹெட்லேம்ப் ஒண்ணு வாங்கிட்டு போனேன், கம்பெனி பேர் வேணாம். அதுல ஒரே பட்டன்தான், முதல் அழுத்துக்கு வெள்ளை ஃபுல், ரெண்டாவதுக்கு வெள்ளை கம்மி, மூணாவதுக்கு பளிச் பளிச், நாலாவதுக்குத்தான் சிவப்பு. சிவப்புக்கு போறதுக்குள்ள கண்ணு போயிடுது, அணைக்கும்போதும் திரும்ப வெள்ளையைத் தாண்டித்தான் அணைக்கணும். இதைப் பத்தி பெட்டியில ஒரு வரி இல்ல. அன்னைக்கு ராத்திரி நான் துண்டுக்குள்ள தலையை விட்டு, ஹெட்லேம்பை கைக்குள்ள பொத்தி, விரல் இடுக்குல சிவப்பு தெரியற வரைக்கும் அழுத்திட்டு வெளிய எடுத்தேன். இப்ப யார் டார்ச் கேட்டாலும் நான் முதல்ல கேக்கறது லுமென் இல்ல, ‘அணைச்சு வச்ச நிலையில இருந்து பட்டனை ஒரு தடவை தொட்டா என்ன எரியும்?’னுதான்.

அந்த டிரிப்லயே ஒரு பரிசோதனையும் பண்ணேன். மிதுனத்துக்கும் ஓரியனுக்கும் நடுவுல குளிர்காலப் பால்வீதி மெலிசா ஓடும், கண்ணு நல்லா பழகினா மட்டும்தான் தெரியும், கொஞ்சம் வெளிச்சம் பட்டாலும் முதல்ல காணாம போறது அதுதான். இன்னொரு அடையாளம் பூசம், கடக ராசியில சின்ன மேகம் மாதிரி தெரியற நட்சத்திரக் கூட்டம், அது கொஞ்சம் சுலபம். அரை மணி நேரம் இருட்டுல உக்காந்துட்டு, ஒவ்வொரு லைட்டையும் பத்து செகண்ட் வெள்ளை பேப்பர்ல அடிச்சு படிச்சுட்டு, அணைச்சதும் பூசமும் பால்வீதியும் திரும்ப எப்ப தெரியுதுன்னு மனசுக்குள்ள எண்ணினேன். ஆய்வகத்துல பண்ற மாதிரி சுத்தமான டெஸ்ட்னு சொல்ல மாட்டேன், என் கண்ணுக்கு என்ன ஆச்சுங்கறது மட்டும்தான் இது.

வெள்ளை ஃபுல் அடிச்சப்ப பூசம் வர்றதுக்கே பல நிமிஷம், பால்வீதி பழையபடி ஆக இருபது நிமிஷத்துக்கு மேல ஆச்சு, குளிர்ல சும்மா உக்காந்திருந்தோம். ஹெட்லேம்ப் சிவப்பு அடிச்சப்ப சீக்கிரம் வந்துச்சு, ஆனா உடனே இல்ல, அதுதான் எனக்கு ஆச்சரியம். அந்த சிவப்பு ரொம்ப பிரைட். சரின்னு ஆயுத பூஜைக்கு கடையில விக்கற சிவப்பு கண்ணாடி பேப்பர் எடுத்துட்டு போயிருந்தேன், அதை நாலா மடிச்சு பழைய ரெண்டு செல் டார்ச் வாயில ரப்பர் பேண்ட் போட்டு கட்டினேன், ஒரு மடிப்புன்னா ரோஸ் கலர்லதான் வரும், வெள்ளை உள்ள கலந்து வந்துடும், நாலு மடிப்பு வேணும். அது மங்கலா வந்துச்சு, அதை அணைச்சதும் பால்வீதி அங்கேயே இருந்துச்சு. கலரை விட அளவுதான் பெருசோன்னு அப்பதான் சந்தேகம் வந்துச்சு.

மாசி அமாவாசையில அந்த சந்தேகத்தைத் தீத்துக்கிட்டேன். இந்த தடவை ஒரு ஏஏ பேட்டரி போடற சின்ன டார்ச், ஆண்டுரில்னு ஒரு மென்பொருள் உள்ளது. அணைஞ்சிருக்கும்போது பட்டனை அழுத்திப் பிடிச்சா ஆகக் கம்மியான அளவுல இருந்து ஆரம்பிக்கும், ஒரு லுமென் கூட இருக்காது, இதை மூன்லைட் மோடுன்னு சொல்றாங்க. எல்இடி 4000 கெல்வின், அது வெள்ளையோட நிற அளவு, எண் ஏற ஏற நீலம் கூடும். சிஆர்ஐ, அதாவது கலரை எவ்வளவு நிஜமா காட்டுதுங்கற மார்க், 90க்கு மேல. அந்த மங்கின வெள்ளையை பேப்பர்ல இருந்து தள்ளிப் பிடிச்சு, படிக்க முடியற அளவுக்கு மட்டும் பத்து செகண்ட் அடிச்சு அணைச்சேன், பூசம் உடனே இருந்துச்சு, பால்வீதி ஒண்ணு ரெண்டு நிமிஷத்துல வந்துடுச்சு. தை மாசம் போட்ட பிரைட் சிவப்பை விட இது எவ்வளவோ மேல். மங்கலான சிவப்புதான் எல்லாத்துலயும் முதல் இடம், அதுல சந்தேகம் இல்ல, ஆனா ரெண்டாவது இடம் மங்கலான வெள்ளைக்கு, பிரைட்டான சிவப்புக்கு இல்ல.

இது ஏன் முக்கியம்னா சிவப்புல செய்ய முடியாத வேலை நிறைய இருக்கு. சிவப்பு வெளிச்சத்துல தக்காளியும் வெங்காயமும் ஒரே மாதிரி வெளுப்பா கிடக்கும். நட்சத்திர வரைபடத்துல சிவப்பு மையில அச்சடிச்சது எல்லாம் பேப்பரோட பேப்பரா மறைஞ்சிடும். விரல் வெட்டினா ரத்தம் தண்ணி மாதிரி இருக்கும், அதை நான் பாத்தேன், பேட்டரி மூடி திறக்கும்போது நண்பனுக்கு கட்டை விரல் கிழிஞ்சுது, வெள்ளை போட்டப்புறம்தான் எவ்வளவு வருதுன்னு தெரிஞ்சுது. எல்லாத்துக்கும் மேல பாம்பு. கண்ணாடி விரியனும் சுருட்டை விரியனும் இருக்கற ஊர் நம்ம ஊர், காஞ்ச சருகு மேல அந்த உடம்பு வரியை சிவப்பு மங்கல்ல பிரிச்சுப் பாக்கவே முடியாது. டென்ட்டை விட்டு நடந்து ஒதுங்கப் போறோம்னா நல்ல வெள்ளை வெளிச்சம்தான், மூடின ஷூதான், இதுல பேச்சே இல்ல. வானம் நாளைக்கும் இருக்கும்.

அந்த மாதிரி போகும்போது ஒரு கண்ணை மூடிக்கிட்டு போகலாம், ரெண்டு கண்ணும் தனித்தனியாத்தான் இருட்டுக்கு பழகுது, மூடி வச்ச கண்ணு கெடாது. ஆனா ஒத்தைக் கண்ணுல மேடு பள்ளம் சரியா தெரியல, நான் வரப்புல தடுமாறினேன், அதனால நடக்கும்போது வேணாம், நின்ன இடத்துல பையில எதாவது தேடறப்ப மட்டும் பண்ணுங்க.

நிலத்துக்கார அண்ணன் ராத்திரி மாட்டைப் பாக்க வருவார், கையில ஒரு சின்ன டார்ச், தேய்ஞ்ச பேட்டரி, மஞ்சளா ஒரு வட்டம். அதை இடுப்புக்கு மேல தூக்கவே மாட்டார், காலுக்கு ரெண்டடி முன்னாடி மட்டும் அடிச்சுக்கிட்டு சரசரன்னு நடப்பார். ‘மூஞ்சியப் பாத்து அடிக்காதீங்க தம்பி, அடிச்சா உங்களுக்கும் தெரியாது எங்களுக்கும் தெரியாது’ன்னு முதல் நாளே சொன்னார். அவரைப் பாத்துத்தான் நான் ஹெட்லேம்பை நெத்தியில போடறதை விட்டுட்டு கழுத்துல மாலை மாதிரி தொங்க விட ஆரம்பிச்சேன், வெளிச்சம் தரையைப் பாத்து இருக்கும், கை ரெண்டும் ஃப்ரீ, யார் முகத்துலயும் படாது. இதுக்கு ஒரு பைசா செலவில்ல, ஆனா எங்க கூட்டத்துல பெரிய மாற்றம் இதுலதான் வந்துச்சு.

வாங்கறவங்களுக்கு ஒரு விஷயம், பெட்டியில 200 மீட்டர் தூரம்னு போட்டிருந்தா அது அளக்கற முறைப்படி அங்க விழற வெளிச்சம் வெறும் கால் லக்ஸ், பௌர்ணமி நிலா வெளிச்சம் அளவுதான். அதுக்கு 10,000 கேண்டலா (ஒரு திசையில போற வெளிச்சத்தோட வலிமை) ஒரே இடத்துல குவிக்கணும், அப்படி குவிச்ச வெளிச்சம் டென்ட் பக்கத்துல எதுக்கும் ஆகாது, நடுவுல ஒரு பளிச் புள்ளி, சுத்தி கறுப்பு. கேம்ப்புக்கு பரந்து விழற வெளிச்சம் போதும். 6500 கெல்வின் நீல வெள்ளை வேணாம், நீலம் அதிகமா இருக்கறது குச்சி செல்லையும் அதிகமா அடிக்கும், பூச்சியையும் கூட்டும், ஈசல் சீசன்ல சாம்பார்ல விழுந்ததை நாங்க எடுத்துக்கிட்டே இருந்தோம். பேட்டரி பெருசா வேணும்னா 18650ங்கற ரீசார்ஜ் பண்ற லித்தியம் செல், இல்லனா ஏஏ, ஏஏ மலை மேல இருக்கற ஜமுனாமரத்தூர் பெட்டிக்கடையிலயும் கிடைக்கும்ங்கறது எனக்கு பெரிய தைரியம். பைக்குள்ள வைக்கும்போது பின்மூடியை அரைச்சுத்து கழட்டி வைங்க, என் நண்பனோடது பைக்குள்ள தானா எரிஞ்சு கை வைக்க முடியாத சூட்டுல இருந்துச்சு, அது பேட்டரி டார்ச்ல நிஜமாவே ஆபத்து.

பங்குனி அமாவாசை டிரிப்ல மிச்சம் இருந்த ஓட்டையெல்லாம் அடைச்சோம். காரோட உள் லைட்டை கிளம்பறதுக்கு முன்னாடியே ஆஃப் பண்ணி வச்சாச்சு, சாவி ரிமோட் அழுத்தினா இண்டிகேட்டர் நாலும் மின்னும், அதனால வேணுங்கறதை எல்லாம் இருட்டறதுக்கு முன்னாடியே வெளிய எடுத்து வச்சாச்சு. ஃபோன்ல திரையை முழுசா சிவப்பாக்கற வசதி இருக்கு, அதைப் போட்டு பிரைட்னஸை ஆகக் கீழ இறக்கினாலும் எனக்கு அதிகமாத்தான் தெரிஞ்சுது, மேல அந்த சிவப்பு கண்ணாடி பேப்பரை ரெண்டு மடிப்பு ஒட்டினேன். அடுப்பு நெருப்புக்கு முதுகைக் காட்டி உக்காந்தோம். காலையில ஷூ போடறதுக்கு முன்னாடி புற ஊதா டார்ச் ஒண்ணால உள்ள பாத்தோம், தேள் இருந்தா பச்சையா ஒளிரும், அன்னைக்கு ஷூவுல இல்ல, கல்லுக்கு அடியில ஒண்ணு இருந்துச்சு, அவ்வளவு அழகு.

அன்னைக்கு ராத்திரி பத்து மணியில இருந்து ஒரு மணி வரைக்கும் யாரும் வெள்ளை போடல. நள்ளிரவு தாண்டி தெற்கே ஒமேகா சென்டாரிங்கற நட்சத்திரக் கொத்து உச்சிக்கு வந்துச்சு, இங்கிருந்து அது அடிவானத்துக்கு மேல முப்பது டிகிரிதான் ஏறும், ஆனா வெறும் கண்ணுல பஞ்சு மாதிரி. நேரா பாத்தா மங்குது, கண்ணை கொஞ்சம் ஓரமா திருப்பிப் பாத்தா பெருசாகுது, விழித்திரையோட நட்டநடுவுல குச்சி செல்லே கிடையாதுங்கறதால அப்படி. போன நாலு மாசத்துல முதல் தடவையா எல்லாரும் அதை ஒரே நேரத்துல பாத்தோம், யாரும் பேசல.

சித்திரைக்கு அதே காடு. 660 நானோமீட்டர் ஆழ்சிவப்பு எல்இடி தனியா வாங்கி வச்சிருக்கேன், அதை அந்த பழைய ரெண்டு செல் டார்ச்ல சால்டர் பண்ணி, கூட ஒரு ரெசிஸ்டர் போட்டு எவ்வளவு மங்கலாக்க முடியும்னு பாக்கணும், கண்ணாடி பேப்பர் மழையில ஒட்டிக்கிட்டு கிழிஞ்சு போச்சு.