வீட்டு மடிக்கணினியில் லினக்ஸ் மின்ட்: இதுவரை செய்தது

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. எங்கள் மடிக்கணினியில் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் இல்லாததால் விண்டோஸ் 11-க்கு அது தகுதி பெறவில்லை. 8 ஜிபி ரேமும் எஸ்எஸ்டியும் உள்ள, நன்றாக ஓடுகிற கணினியை ஓரங்கட்ட மனம் வரவில்லை. அதனால் விண்டோஸுக்கு மாற்றான இலவச இயங்குதளம் லினக்ஸ் மின்ட் 22, சின்னமன் பதிப்பு. உபுண்டு 24.04 என்ற இன்னொரு லினக்ஸின் மேல் கட்டியது, 2029 வரை பாதுகாப்பு அப்டேட் வரும். கீழே பட்டை, இடது மூலையில் மெனு என்று திரை பழகிய மாதிரியே இருப்பதால், வீட்டில் யாருக்கும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

புதிதாக மாறுகிறவர்களிடம் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது ஒன்றுதான்: நிறுவுவதற்கு முன் பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பாருங்கள். மின்ட்டை நிறுவுவதற்கான ஐஎஸ்ஓ கோப்பை இறக்கி, அதன் எஸ்எச்ஏ256 எண் (கோப்பு பழுதில்லாமல் வந்ததா என்று காட்டும் சரிபார்ப்பு எண்) தளத்தில் இருப்பதோடு பொருந்துகிறதா என்று பார்த்துவிட்டு, பென் டிரைவில் எழுதினேன். அதில் ஏற்கெனவே இருந்ததெல்லாம் அழிந்துவிடும், எனவே காலி டிரைவ் நல்லது. கணினியை அதிலிருந்து பூட் செய்தால் (தொடங்கினால்) முழு மின்ட்டும் பென் டிரைவிலிருந்தே ஓடும். நாமாக நிறுவச் சொல்லாதவரை வட்டில் இருக்கும் விண்டோஸ் அப்படியே இருக்கும்.

அந்த நிலையிலேயே ஒவ்வொன்றாகச் சோதித்தேன். ஒலி, வெப்கேம், டச்பேட், திரையின் வெளிச்சம், மூடித் திறந்தால் விழித்துக்கொள்கிறதா என்பது வரை எல்லாம் சரி. வைஃபை மட்டும் பட்டியலிலேயே வரவில்லை. அந்த வைஃபை சிப்புக்குத் தனி டிரைவர் (அதை இயக்கும் மென்பொருள்) வேண்டும், டிரைவரை இறக்கவோ இணையம் வேண்டும். போனை யுஎஸ்பி கேபிளில் இணைத்து டெதரிங் (போனின் இணையத்தைக் கணினிக்குத் தருவது) போட்டதும் மின்ட் அதைக் கம்பி இணைப்பாக எடுத்துக்கொண்டது. அப்புறம் ‘டிரைவர் மேனேஜர்’ சரியான டிரைவரைத் தானே காட்டியது. இது நிறுவுவதற்கு முன்பே தெரிந்துவிட்டதால் மனசு லேசாகிவிட்டது.

கோப்புகளை வெளி வட்டுக்கு நகலெடுத்துவிட்டு, விண்டோஸ் பக்கத்திலேயே இருக்கட்டும் என்று தொடங்கும்போது இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் ‘டூயல் பூட்’ முறையில் நிறுவினேன். நிறுவல் சில கேள்விகளோடு முடிந்துவிடுகிறது. கவனிக்க வேண்டியவை அதற்கு வெளியே இருக்கின்றன. விண்டோஸில் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ இயங்கிக்கொண்டிருந்தால், கணினியை அணைத்தாலும் அது பாதி உறக்க நிலையில்தான் இருக்கும். அப்போது விண்டோஸ் பகிர்வை (வட்டில் விண்டோஸ் இருக்கும் பகுதியை) மின்ட் படிக்க மட்டுமே விடும், எழுத விடாது. முதலில் அதை அணைத்துவிடுங்கள். கடிகாரமும் அப்படித்தான். வன்பொருள் கடிகாரத்தில் லினக்ஸ் யுடிசி (உலகப் பொது) நேரத்தை வைக்கும், விண்டோஸ் உள்ளூர் நேரத்தை வைக்கும். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போனால் மணி தப்பாகக் காட்டும். மின்ட்டையும் உள்ளூர் நேரத்துக்கு மாற்றியதும் தொல்லை தீர்ந்தது.

அதிக நேரம் செலவிட்டது தமிழ்த் தட்டச்சில். விசைப்பலகைப் பட்டியலில் தமிழ்99 விசையமைப்பு இருக்கிறது, ஆனால் அது ஒரு விசைக்கு ஒரு குறி என்றே வேலை செய்கிறது, தானாகப் புள்ளி வைக்காது. சினாப்டிக் என்ற மென்பொருள் நிறுவியில் தேடி, தட்டச்சுக்கான ‘ஐபஸ் எம்17என்’ பொதியை நிறுவி, அதிலுள்ள தமிழ்99-ஐத் தேர்ந்தெடுத்தேன். இப்போது க விசையை இருமுறை தட்டினால் ‘க்க’ என்று விழுகிறது. விரல்களுக்குப் பழகிய வேகம் அப்படியே திரும்பிவிட்டது. சொல்லப்போனால், நான் மின்ட்டிலேயே தங்கிவிட்டதற்கு முதல் காரணம் இதுதான்.

லிப்ரே ஆபிஸ் என்ற அலுவலக மென்பொருளில் பழைய ஆவணங்கள் பெரும்பாலும் சிதையாமல் திறக்கின்றன. காலிப்ரி எழுத்துருவில் இருந்த கடிதங்களுக்கு அதே அகலம் கொண்ட கார்லிட்டோ இருப்பதால் வரிகள் இடம் மாறவில்லை. மேக்ரோ (தானாக ஓடும் கட்டளைத் தொகுப்பு) உள்ள ஒரு கணக்குத் தாள் மட்டும் ஒத்துவரவில்லை. அதற்காகவே விண்டோஸ் இன்னும் இருக்கிறது.

பெரிய அப்டேட்டுக்கு முன் ‘டைம்ஷிஃப்ட்’டில் ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்துக்கொள்கிறேன். ஏதாவது கெட்டால் கணினியமைப்பைப் பழைய நிலைக்குத் திருப்பலாம். ஆனால் அது இயல்பாக நம் சொந்தக் கோப்புகளைச் சேமிக்காது, படங்களுக்கும் ஆவணங்களுக்கும் தனி நகல் வேண்டும்.

பிரிண்டர் அச்சடிக்கிறது, ஸ்கேனர் இன்னும் பிடிபடவில்லை. அடுத்து அதைத்தான் பார்க்க வேண்டும். அந்தக் கணக்குத் தாளை மேக்ரோ இல்லாமல் சூத்திரங்களாகவே எழுதிவிட்டால், விண்டோஸ் பகிர்வின் இடத்தையும் எடுத்துக்கொள்ளலாம்.