ஜில்ஜில் ரமாமணி

நேற்று ராத்திரி டிவியில் 'தில்லானா மோகனாம்பாள்'. எத்தனையாவது தடவையோ! சிவாஜி, பத்மினி ரெண்டு பேரையும் வைத்துக்கொண்டு ஜில்ஜில் ரமாமணியாக வந்து காட்சியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு போக ஆச்சி மனோரமாவால்தான் முடியும். உங்கள் நாயனத்தில் மட்டும்தான் அந்தச் சத்தம் வருமா, எல்லா நாயனத்திலும் வருமா என்று ஒன்றும் தெரியாதவள் மாதிரி கேட்பாரே, அந்த அப்பாவி முகம்! சிவாஜி சிரிப்பை அடக்குவது நிஜமாகவே அடக்குவது போலத்தான் எனக்குத் தோன்றும்.

மன்னார்குடியில் கோபிசாந்தாவாகப் பிறந்தவர், வளர்ந்தது பள்ளத்தூரில். நாடக மேடைதான் பள்ளிக்கூடம். 1958-ல் கண்ணதாசன் தயாரித்த 'மாலையிட்ட மங்கை'யில் காமெடி வேஷம். கதாநாயகி ஆசையோடு வந்தவர்களுக்கு அது கசந்திருக்கும். இவர் பிடித்துக்கொண்டார். பிறகு ஆயிரத்துக்கும் மேல் படங்கள், கின்னஸ், பத்மஸ்ரீ.

அதையெல்லாம் விடுங்கள். 'சின்ன கவுண்டர்' பார்த்தீர்களா? தூக்கிய பல்லை மாட்டிக்கொண்டு விஜயகாந்துக்கு அம்மாவாக வருவார். அழகாகத் தெரிய வேண்டும் என்ற கவலை துளிகூடக் கிடையாது. சிரிக்க வைத்த அதே பல்லோடு அழவும் வைப்பார். தேசிய விருது 'புதிய பாதை'க்கு. வேறு யாராவது பார்த்திருந்தால் சொல்லுங்கள், அதில் எந்தக் காட்சி உங்களுக்குப் பிடித்தது?