திருச்சியிலிருந்து பலாலிக்கு ஒரு மணி நேரம்

திருச்சிக்காரர்களுக்குச் சென்னையைவிட யாழ்ப்பாணம் பக்கம். வரைபடத்தில் நேர்கோடு போட்டுப் பாருங்கள்: சென்னை முந்நூறு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு, யாழ்ப்பாணம் 180 சொச்சம். இருந்தும் 2025 மார்ச் வரை இங்கிருந்து அங்கே விமானத்தில் போக இரண்டு வழிதான் இருந்தது. ஒன்று, கொழும்புக்குப் பறந்து, அங்கிருந்து கிட்டத்தட்ட 400 கிலோமீட்டர் ரயிலிலோ இரவு பஸ்ஸிலோ வடக்கே ஏறுவது. இன்னொன்று, சென்னைக்குப் போய் அங்கிருந்து விமானத்தில் தெற்கே இறங்குவது. இரண்டுமே மூக்கைச் சுற்றித் தொடும் வேலை.

2025 மார்ச் 30 அன்று இண்டிகோ திருச்சி–யாழ்ப்பாணம் நேரடி விமானத்தைத் தொடங்கியது. யாழ்ப்பாண விமான நிலையம் இருக்கும் இடம்தான் பலாலி. சென்னையிலிருந்து அதே நிறுவனம் 2024 செப்டம்பர் 1 முதல் போய்க்கொண்டிருந்தது. திருச்சி விமானம் வந்த அந்தக் கோடையில் நான் கிளம்பினேன்.

அந்த மார்ச் 30 என்ற தேதியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் புது வழித்தடங்களில் பயணம் செய்கிற யாருக்கும் இது உதவும். உலகம் முழுக்க விமான நிறுவனங்கள் வருடத்தை இரண்டாகத்தான் பிரிக்கின்றன. மார்ச் மாதக் கடைசி ஞாயிறு முதல் கோடை அட்டவணை. அக்டோபர் கடைசி ஞாயிறு முதல் குளிர்கால அட்டவணை. ஐரோப்பாக்காரர்கள் கடிகாரத்தை மாற்றி வைக்கும் நாட்கள் இவை. திருச்சியில் மார்ச் கடைசியில் தார் உருக ஆரம்பித்திருக்கும், அக்டோபர் கடைசியில் மழை கொட்டும். நமக்கும் கடிகார மாற்றத்துக்கும் ஒரு தொடர்பும் இல்லை. ஆனாலும் நம் விமானங்களும் அதே கணக்கில்தான் ஓடுகின்றன. 2025 மார்ச் 30 அந்தக் கடைசி ஞாயிறு. புது வழித்தடம் பெரும்பாலும் இப்படி ஓர் அட்டவணையின் முதல் நாளில் பிறக்கும். சத்தமில்லாமல் நிற்பதும் பெரும்பாலும் ஓர் அட்டவணையின் முடிவில்தான். அதனால் செப்டம்பரில் உட்கார்ந்து டிசம்பருக்கு டிக்கெட் தேடி ஒன்றும் வரவில்லை என்றால் உடனே பதற வேண்டாம், குளிர்கால அட்டவணையை இன்னும் ஏற்றாமல் இருக்கலாம். அதேபோல, போகும் டிக்கெட் அக்டோபரிலும் திரும்பும் டிக்கெட் நவம்பரிலும் இருந்தால், திரும்பும் நேரம் மாறவில்லையா என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

எனக்குத் தெரிந்த ஒரு டிராவல் ஏஜென்டிடம் கேட்டபோது, "யாழ்ப்பாணத்துக்கு ஏது சார் ஃபிளைட்? கொழும்புதான்" என்று அடித்துச் சொன்னார். போனில் அந்த விமானத்தைக் காட்டிய பிறகும் அவர் முகத்தில் நம்பிக்கை வரவில்லை. ஒரு வழித்தடம் புதிதாக வந்தால் ஊருக்குத் தெரியவே சில மாதங்கள் ஆகும். அந்தச் சில மாதங்களில் இருக்கைகள் நிரம்பாவிட்டால், தெரிய வரும்போது விமானம் இருக்காது. இந்தத் தொழிலின் சிக்கலே இதுதான்.

திருச்சி விமான நிலையத்தின் புது முனையம் 2024 ஜனவரி 2 அன்று திறக்கப்பட்டது. கோபுரச் சாயலும் சுவர் ஓவியங்களும் நிறைந்த பெரிய கட்டடம். சிங்கப்பூர், கோலாலம்பூர், துபாய், ஷார்ஜா என்று போகிறவர்களின் வரிசைகளுக்கு நடுவே யாழ்ப்பாண வரிசை சின்னது. ஆனால் நான் நின்றதிலேயே அதிகம் பேச்சு நடந்த வரிசை அதுதான். சமயபுரத்துக்கும் ஸ்ரீரங்கத்துக்கும் வந்து திரும்புகிற குடும்பங்கள். வேளாங்கண்ணிக்கு நேர்த்திக்கடன் செலுத்தி, பெரிய பாட்டிலில் எண்ணெயைப் பெட்டியில் வைத்திருந்த ஒரு தம்பதி. கல்யாணச் சேலைகளுக்காக மட்டும் வந்த இரண்டு அக்காமார். கனடாவிலிருந்து ஊருக்கு வந்து, நடுவில் நாலு நாள் தஞ்சாவூர் பார்க்க வந்த ஒருவர். என்னைப் போலச் சும்மா ஊர் சுற்றப் போகிறவர்கள் மிகக் குறைவு.

அப்புறம், திருச்சியிலேயே இருக்கிற இலங்கைத் தமிழர்கள். விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே கொட்டப்பட்டு முகாம் இருக்கிறது. போர்க்காலத்தில் வந்த குடும்பங்கள் முப்பது வருடத்துக்கும் மேலாக விமானங்கள் ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே வாழ்கிற இடம். முகாமுக்கு வெளியே கே.கே.நகர்ப் பக்கமும் நிறையப் பேர் குடியிருக்கிறார்கள். அப்படி ஓர் அம்மாதான் எனக்குப் பக்கத்து இருக்கை. ஜன்னல் சீட்டு அவருடையது. மாறி உட்காரலாமா என்று நான் கேட்கத் தயங்கியதைப் பார்த்து அவரே சொன்னார்:

"நீங்களே இருங்கோ தம்பி. படகில வரேக்க இந்தக் கடலை நான் நல்லாப் பாத்திட்டன்."

நான் ஜன்னலோரம் உட்கார்ந்தேன்.

விமானம் ஏடிஆர் 72, விசிறி வைத்த சிறிய ரகம். பின்பக்கக் கதவு வழியாக ஏறுவோம். இருக்கைகள் இரண்டிரண்டாக, தலைக்கு மேலே பெட்டி வைக்கும் இடம் குறுகல், பெரிய தள்ளுப்பெட்டி நுழையாது. இறக்கை மேலே இருப்பதால் கீழே பார்க்க எந்தத் தடையும் இல்லை. சத்தம் உண்டு, அதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. போகும்போது இடது பக்கம் கிடைத்தால் விடாதீர்கள். காவிரிப் பாசனப் பச்சை முடிந்து, பட்டுக்கோட்டைப் பக்கத் தென்னந்தோப்புகள் வரும். அப்புறம் கரை. முத்துப்பேட்டை அலையாத்திக் காடும் அதன் நடுவே பழுப்பு நிறக் கடற்கழியும் கையெட்டும் தூரத்தில் தெரிந்தன. தொலைவில் கோடியக்கரை கடலுக்குள் மூக்கை நீட்டிக்கொண்டிருந்தது. அதைத் தாண்டினால் பாக் நீரிணை. கொடுத்த தண்ணீர் பாட்டிலைத் திறந்து குடித்து முடிப்பதற்குள் மறுகரையில் பனைமரங்கள் வந்துவிட்டன. பக்கத்து அம்மா கடைசி வரைக்கும் ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. சக்கரம் தரையைத் தொட்டபோது மட்டும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சோளகக் காற்றுக் காலம் அது, அதாவது தென்மேற்குப் பருவக்காற்று. இறங்கும்போது விமானம் நன்றாகவே ஆடியது.

ஏன் இவ்வளவு சின்ன விமானம் என்று கேட்பவர்களுக்கு: பலாலியில் பயணிகள் விமானத்துக்காகச் சீரமைத்த ஓடுபாதை 1,400 மீட்டர். முழுச் சுமையோடு ஏடிஆர் எழும்ப ஏறத்தாழ 1,300 மீட்டர் போதும். ஏர்பஸ் ஏ320 போன்ற ஜெட் விமானத்துக்கு 2,000 மீட்டருக்கு மேல் வேண்டும். இந்த ஒரு கணக்குதான் யாழ்ப்பாணத்துக்கு எங்கிருந்தெல்லாம் விமானம் வரலாம் என்பதைத் தீர்மானிக்கிறது. சென்னையும் திருச்சியும் சரி. துபாயும் சிங்கப்பூரும் இப்போதைக்கு இல்லை. ஓடுபாதையை நீட்டினால் ஆயிற்று என்று இங்கிருந்து சொல்வது சுலபம். பலாலியைச் சுற்றியுள்ள வலிகாமம் வடக்கு நிலங்கள் போர்க்காலத்தில் உயர் பாதுகாப்பு வலயமாக ஆக்கப்பட்டவை. சொந்தக் காணியைத் திருப்பிக் கேட்டு மக்கள் இன்னும் போராடிக்கொண்டிருக்கிறார்கள். ஓடுபாதை நீள்வது யாருடைய காணி வழியாக என்பதுதான் அங்கே முதல் கேள்வி, அது நியாயமான கேள்வியும்கூட.

பலாலி விமானத்தளம் இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் விமானப்படைக்காகப் போட்டது. ஏர் சிலோன் நிறுவனம் தன் முதல் சேவையை 1947 டிசம்பர் 10 அன்று தொடங்கியபோது, அந்த டகோட்டா விமானம் கொழும்பு இரத்மலானையிலிருந்து புறப்பட்டு, இங்கே இறங்கி, பிறகு சென்னைக்குப் போனது. அதாவது, இலங்கை சுதந்திரம் அடைவதற்கு முன்பே, அதன் முதல் தேசிய விமான நிறுவனத்தின் முதல் வழித்தடமே யாழ்ப்பாணம் வழியாகச் சென்னைதான்! இதை அறிந்த பிறகு 'புதிய சேவை' என்ற விளம்பரங்களைப் பார்த்தால் சிரிப்புத்தான் வருகிறது. போர் வந்து எல்லாவற்றையும் மூடியது. தளம் விமானப்படையிடம் இருந்தது. 2019 அக்டோபர் 17 அன்று யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் என்ற பெயரில் மறுபடி திறந்தார்கள். நவம்பரில் அலையன்ஸ் ஏர் சென்னையிலிருந்து பறக்கத் தொடங்கியது. நாலு மாதம்போல ஓடியிருக்கும், கொரோனா வந்து நிறுத்தியது. மறுபடி விமானம் வந்தது 2022 டிசம்பர் 12 அன்று.

முனையம் சின்னது. இறங்கி நடந்தே உள்ளே போகலாம். குடிவரவு அதிகாரி என் ஈடிஏ (இணையத்தில் எடுக்கும் பயண அனுமதி) தாளைப் பார்த்துவிட்டு, "முதல் தடவையா? நல்லூருக்கோ?" என்று தமிழில் கேட்டார். கொழும்பு கட்டுநாயக்கவில் நீண்ட வரிசைகளில் நின்று பழகியவர்களுக்கு இது பெரிய நிம்மதி. வெளியே வந்தால் உறவினர்களை அழைத்துப் போக வந்த வேன்களும் சில ஓட்டோக்களும். வாடகையை முன்கூட்டியே பேசிக்கொள்வது நல்லது. ஊர் தெற்கே 16 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது.

போகும் வழியில் ஓட்டோ அண்ணை வசாவிளான்–பலாலி வீதியைப் பற்றிச் சொன்னார். முப்பது வருடத்துக்கும் மேலாக மூடிக் கிடந்த அந்த வீதியை 2025 ஏப்ரலில்தான் திறந்துவிட்டிருந்தார்கள், அதுவும் பகலில் மட்டும், வழியில் நிறுத்தாமல், படம் எடுக்காமல். ஆகாயத்தில் திருச்சி வழி திறந்து சில நாள் கழித்துத்தான் தரையில் வழி திறந்திருக்கிறது.

ஊரைப் பற்றி இங்கே அதிகம் எழுதப்போவதில்லை. நல்லூர், கோட்டை, நூலகம், நயினாதீவு எல்லாவற்றுக்கும் தனிப் பதிவு வேண்டும். கறுத்தக்கொழும்பான் மாம்பழம் முடியும் தறுவாயில் கிடைத்தது என்பதை மட்டும் பதிந்துவைக்கிறேன்.

எப்போது போவது? யாழ்ப்பாணத்தின் பருவம் ஆடி, ஆவணி. நல்லூர்க் கந்தசுவாமி கோயில் திருவிழா 25 நாள். அதே சமயம் கனடா, லண்டன், சுவிஸ், நோர்வேயில் பள்ளி விடுமுறை. புலம்பெயர்ந்தவர்கள் குடும்பத்தோடு வந்து இறங்கும் நேரம் அது. எழுபது, எண்பது இருக்கை உள்ள ஒரு விமானம் அந்த வாரங்களில் எப்படி நிரம்பும், கட்டணம் எப்படி ஏறும் என்று சொல்லத் தேவையில்லை. தேருக்குப் போக வேண்டும் என்றால் கொடியேற்றத்துக்கு ரொம்ப முன்பே டிக்கெட் எடுத்துவிடுங்கள். கூட்டம் வேண்டாம் என்பவர்களுக்கு பிப்ரவரியும் மார்ச்சும் அருமை.

கடல் வழியும் இருக்கிறது. நாகப்பட்டினம்–காங்கேசன்துறை கப்பல் 2023 அக்டோபர் 14 அன்று தொடங்கி, வடகிழக்குப் பருவமழை வரவே சில நாளில் நின்றது. 2024 ஆகஸ்ட் 16 அன்று வேறொரு கப்பலுடன் மறுபடி தொடங்கியது; அந்த நவம்பரில் நின்று, 2025 பிப்ரவரியில் திரும்ப வந்தது. சுமார் நாலு மணி நேரப் பயணம். உண்மையில் பருவகாலச் சேவை என்றால் இதுதான். இதன் அட்டவணையை ஐரோப்பியக் கடிகாரம் எழுதவில்லை, வாடைக்காற்று எழுதுகிறது. யாழ்ப்பாணத்தில் ஒரு கடைக்காரர் சொன்ன கணக்கு எனக்குப் பிடித்திருந்தது: "சாமான் கூட எண்டா கப்பல், ஆக்கள் மட்டும் எண்டா பிளேன்." எடைக் கட்டுப்பாட்டைப் பார்த்தால் அவர் சொல்வது சரிதான்.

ஒரு வழி கப்பல், ஒரு வழி விமானம் என்று திட்டம் போட ஆசையாக இருந்தால் மார்ச் முதல் செப்டம்பருக்குள் வைத்துக்கொள்ளுங்கள். போகும்போது கப்பல், வரும்போது விமானம் என்பது என் சிபாரிசு. கப்பல் ஒருநாள் தள்ளிப்போனாலும் ஊர்ப்பக்கம் காத்திருப்பது எளிது. அங்கே மாட்டிக்கொண்டால் அறை, சாப்பாடு எல்லாம் கூடுதல் செலவு. அக்டோபருக்கு மேல் கப்பலை நம்பித் தேதி வைக்காதீர்கள். விமானத்தையும் அந்த மாதக் கடைசி ஞாயிறு தாண்டிய தேதி என்றால், அறை பதிவு செய்வதற்கு முன்னால் அன்று அது உண்மையில் ஓடுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.