கடைசிக் காட்சியை வெட்டிய பிறகு

வீதி நாடகக் குழுவொன்றில் பிரதி எழுதுபவனாகவும் நெறியாளனாகவும் பல ஆண்டுகள் வேலை செய்திருக்கிறேன். மக்களுக்குத் தெரியாத ஒன்றை நாம்தான் சொல்லிக்கொடுக்கிறோம் என்ற எண்ணம் தொடக்கத்தில் எங்கள் எல்லோருக்கும் இருந்தது. யாராவது அப்படிச் சுட்டிக்காட்டியிருந்தால் கோபத்தோடு மறுத்திருப்போம்.

குடிநீர் விநியோகம் பற்றிய நாடகமொன்றின் இறுதியில், பெண்கள் திரண்டுபோய் அதிகாரியிடம் மனுக் கொடுப்பதாகவும் மறுநாளே குழாயில் தண்ணீர் வருவதாகவும் எழுதியிருந்தேன். கைத்தட்டலுக்குக் குறைவில்லை. கூட்டம் கலைந்த பின் ஒரு மூதாட்டி அருகில் வந்து, "மனுக் கொடுக்கப் போனவங்களுக்கு அன்னைக்குக் கூலி யாருப்பா தந்தாங்க?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

பிரேசில் நாடகக்காரர் அகஸ்டோ போவாலுக்கும் இப்படியொரு தலைகுனிவு நேர்ந்ததைப் பின்னர்தான் படித்தேன். நிலத்துக்காக இரத்தம் சிந்துவோம் என்று மேடையில் முழங்கிய அவருடைய குழுவினரை, வர்ஜிலியோ என்ற விவசாயி உண்மையான சண்டைக்கே அழைத்துவிட, தங்கள் கையிலிருப்பவை வெறும் மேடைத் துப்பாக்கிகள் என்று அவர்கள் விளக்க வேண்டியதாயிற்று. 1971இல் இராணுவ ஆட்சியால் கைதாகிச் சித்திரவதைக்கு உள்ளாகி நாட்டைவிட்டு வெளியேறிய போவால், சிக்கல் முற்றும் இடத்தில் நாடகத்தை நிறுத்திப் பார்வையாளரையே பாத்திரமாக மேடையேற்றும் மன்ற அரங்கை உருவாக்கினார். நாடு திரும்பிய பின் 1992இல் ரியோ டி ஜெனீரோ நகரமன்றத்துக்குத் தேர்வானபோதும் அதே முறையைத்தான் கையாண்டார். அவ்வாறு மக்கள் நடித்துப் பார்த்தவற்றிலிருந்து 13 சட்டங்கள் பிறந்தன. கலைஞர்கள் பதவிக்கு வருவது புதிதல்ல. பியானோ கலைஞர் பதெரெவ்ஸ்கி 1919இல் போலந்தின் பிரதமரானார், நாடகாசிரியர் ஹாவெல் 1989இல் செக்கோஸ்லோவாக்கியாவின் அதிபரானார். ஆனால் பதவிக்குப் போகும்போது மேடையையும் கூடவே எடுத்துச் சென்றவர் என்பதால் எனக்குப் போவாலையே அதிகம் பிடிக்கும்.

நாங்களும் கடைசிக் காட்சியை வெட்டினோம். அடுத்த நிகழ்வில், அதிகாரி மனுவை வாங்கி மேசையில் போடும் இடத்தில் நிறுத்தி, இனி என்ன செய்யலாம் என்று கேட்டபோது, நெடுநேரம் யாரும் எழவில்லை. அந்த அமைதியைத் தாங்குவதுதான் இந்தத் தொழிலிலேயே கடினமானது, வாய் நமநமக்கும். பிறகு ஓய்வுபெற்ற எழுத்தர் ஒருவர் எழுந்துவந்து, மனுக் கொடுக்கும் பெண்ணின் இடத்தில் நின்று, பதிவேட்டில் எண் போட்டுக் கையொப்பமிட்ட ரசீது தராமல் நகரமாட்டேன் என்று நடித்துக்காட்டினார். உடனே இன்னொரு பெண், அதற்கு முன் குழந்தையை யாரிடம் விட்டுவருவது என்று கணவரோடு பேசும் காட்சி வேண்டும் என்றார். இவ்விரண்டும் என் கற்பனைக்கு எட்டாதவை.

எங்களுக்கு நிதியளித்த நிறுவனத்துக்கு இது பிடிக்கவில்லை. நாடகத்தில் தெளிவான செய்தி இல்லை என்றார்கள். தேர்தல் நெருங்கிய வேளையில் குழுவிலிருந்த இருவர் பிரசார மேடைகளில் பாடப் போனார்கள். அங்கே முடிவும் முழக்கமும் முன்கூட்டியே எழுதித் தரப்பட்டன, சம்பளமும் ஒழுங்காக வந்தது. அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. எஞ்சிய ஐந்து பேரும் அதே நாடகத்தை, ரசீது கேட்கும் காட்சியையும் சேர்க்காமல், மனு மேசையில் விழும் இடத்திலேயே இன்னமும் நிறுத்திக்கொண்டிருக்கிறோம்.